பிரேக் மிதிக்க உட்கார்ந்தவள்

கார் எலெக்ட்ரிக் வேலையில் பழுதை நீக்குவது ஒரு டம்ளர் காப்பி குடிக்கிற நேரம்தான். பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள்தான் பொழுது சாய்ந்துவிடும்.

பழைய கார் வைத்திருந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடு ரோட்டில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் உள்ளே இருப்பதையெல்லாம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். பின் ஸீட்டிலிருந்து வீட்டம்மா, "நான் அப்பவே பஸ்ஸுல போலாம்னு சொன்னேன்" என்று சொல்லியிருப்பார். அப்படி நின்றுபோன வண்டிகளை நம்பித்தான் கிருஷ்ணகிரியில் எங்கள் கடை நடந்தது. மெட்ராஸ் ரோடு, பெங்களூர் ரோடு, சேலம் ரோடு மூன்றும் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பின்னால் வீடு. அந்த ஐம்பதுகளில் எங்கள் பக்கம் ஓடிய கார்களில் பெரும்பாலானவை யுத்தத்துக்கு முன்னால் சீமையிலிருந்து வந்து இறங்கியவை. வயர் மேல் சுற்றிய துணி நைந்து, சிவப்பு எது கறுப்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே அழுக்கு நிறத்தில் இருக்கும்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றவர். நான் அவரிடம் கற்றவள் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அவருக்குத் தெரியாத சிலதும் எனக்குத் தெரியும். அதை அவரே நாலு பேர் எதிரில் சொல்வார் என்பதால் நானும் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

முன்னால் மினுக்கிய விளக்கு

கடையில் கூட இருந்த ஆள் பெங்களூரில் ஒரு ஃபாக்டரியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எலெக்ட்ரிக் வேலையை ஒற்றை ஆளாகச் செய்வது கஷ்டம். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட வேண்டும், இன்னொருத்தர் வெளியே விளக்கைப் பார்க்க வேண்டும். காவேரிப்பட்டினத்து ரைஸ் மில்காரர் ஒருவருடைய கார் வந்திருந்தது. பிரேக்கை மிதித்தால் பின்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு சரியாக எரியவில்லை. பல்பை மாற்றியாகிவிட்டது, வயரை மாற்றியாகிவிட்டது, பிரயோஜனமில்லை. நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். "ருக்கு, கொஞ்சம் வந்து பிரேக்கை மிதி. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

புடவையைச் செருகிக்கொண்டு டிரைவர் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அதுவரைக்கும் காரில் ஏறினதே கல்யாணத்தன்றைக்குத்தான், அதுவும் பின்னால். "மிதி" என்றார், மிதித்தேன். "விடு" என்றார், விட்டேன். ஐந்தாறு தரம் ஆனபிறகு எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. நான் மிதிக்கிறபோதெல்லாம் என் முகத்துக்கு நேரே, ஸ்பீடு காட்டுகிற மீட்டருக்குள் இருந்த சின்ன விளக்கு மங்கலாக மினுக்கியது. அந்த விளக்குக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் சொன்னேன். "ஏங்க, நான் மிதிச்சா இங்க முன்னாடி ஒண்ணு எரியுதுங்க."

 அவர் முன்னால் வந்து, என்னை மறுபடி மிதிக்கச் சொல்லி அந்த மினுக்கலைப் பார்த்தார். விளக்குக்குப் போன கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பி பேட்டரிக்கு வர வேண்டும். அதற்கு எர்த் என்று பெயர். பின் விளக்கைப் பிடித்திருந்த ஸ்குரூ துருவேறி எர்த் அறுந்துபோயிருந்தது. திரும்ப வழியில்லாத கரண்ட் வேறு வயரில் ஏறி, முன்னால் இருந்த மீட்டர் விளக்கு வழியாக வீட்டுக்கு வரப் பார்த்திருக்கிறது. ஸ்குரூவைச் சுரண்டி முடுக்கினதும் பின்னால் விளக்கு ஜோராக எரிந்தது. மில்காரர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடி அவர் சொன்னார்: "நாளையிலருந்து சோறு நான் வடிக்கிறேன், நீ இங்க உக்காரு."

மெட்ராஸ் ராஜ்யம் பிடிக்காத வண்டி

மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரித்த சமயம். எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்து அத்திப்பள்ளி பக்கத்துக் கன்னடக்காரர் சிக்கண்ணா என்பவர், மல்பெரித் தோட்டம் வைத்திருந்தவர், பெண்ணைக் கிருஷ்ணகிரியில் கொடுத்திருந்தார். பெண்ணைப் பார்க்கக் கிளம்புவார். ஓசூர் வரைக்கும் கார் நன்றாக வரும், சூளகிரி தாண்டினதும் நின்றுவிடும். எப்படியோ ஊருக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பொழுது போனபிறகு சம்பந்தி வீட்டு வாசலில் நிற்பார். திரும்பிப் போகிறபோது ஒரு குறையும் இருக்காது. நாங்களும் இரண்டு தரம் பார்த்து, எல்லா வயரையும் சோதித்து, "ஒண்ணுமில்லீங்க" என்று அனுப்பியிருந்தோம். சம்பந்தி வீட்டில் அவர் வேண்டுமென்றே லேட்டாக வந்து கார் மேல் பழி போடுவதாகப் பேச்சு. நாத்தனார் வாயை மூடப் பெண்ணுக்குப் பதில் இல்லை. அவருக்கு அதுதான் பெரிய வேதனை. "இந்த வண்டி மைசூர்க்காரிம்மா. உங்க ராஜ்யம் இதுக்கு ஆகல" என்று நொந்துகொள்வார்.

மூன்றாம் தரம் வந்தபோது நான் காரை விட்டுவிட்டு அவரிடம் கேட்டேன், கன்னடத்தில். என் அம்மா வீடு தளிப் பக்கம், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பாஷையும் வாயில் வரும். எந்த இடத்தில் நின்றது, அப்போது கால் எங்கே இருந்தது என்று கேட்கக் கேட்க, ஒவ்வொரு தரமும் மலை இறக்கத்தில்தான் நின்றிருக்கிறது என்று தெரிந்தது. எங்கள் கொட்டகையோ சமதரை. சமதரையில் நோயைக் காட்டாத வண்டியைச் சமதரையில் வைத்துப் பார்த்து என்ன புண்ணியம்? ஏரிக்கரைச் சரிவுக்கு ஓட்டிப் போகச் சொன்னேன். மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினோம். இன்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. திருப்பி நிறுத்தினோம், உடனே ஸ்டார்ட் ஆனது.

அப்புறம் வேலையே இல்லை. ஸீட்டுக்கு அடியில் பேட்டரியை அசையாமல் பிடிக்கிற பட்டை போய், யாரோ ஒரு மரத்துண்டைச் செருகியிருந்தார்கள். அதுவும் தேய்ந்து லொடலொடத்தது. இறக்கத்தில் பேட்டரி முன்னால் நகரும், வயர் இழுபட்டு முனை தூக்கிக்கொள்ளும். ஏற்றத்தில் தானே பின்னால் வந்து சரியாக உட்கார்ந்துகொள்ளும். என் வீட்டுக்காரர் புதுப் பட்டை அடித்துப் போட்டார். சிக்கண்ணா அன்றைக்கு வெயில் இருக்கிறபோதே சம்பந்தி வீட்டுக்குப் போய், சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார். இறங்கி நின்று, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்: "இத்தன நாளா உங்க ராஜ்யத்தைத் திட்டினதெல்லாம் வாபஸ்ஸும்மா."

வெல்ல மண்டியின் விருந்தாளிகள்

வெல்ல மண்டி வைத்திருந்த காதர் பாய், காரின் பின் ஸீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வெல்லம் ஏற்றுகிறவர். டைனமோ நன்றாகச் சுற்றியும் பேட்டரிக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. என் வீட்டுக்காரர் டைனமோவைக் கழற்றுவதற்கு ஸ்பானரை எடுத்துவிட்டார். நான் முகர்ந்து பார்த்தேன். கட்-அவுட் பெட்டிப் பக்கம் பாகு தீய்ந்த வாசனை. டைனமோவிலிருந்து பேட்டரிக்குப் போகிற கரண்டைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி அது. மூடியை எடுத்தால், உள்ளே தட்டி ஒட்ட வேண்டிய இரண்டு முனைகளுக்கும் நடுவே வறுத்த எள்ளு மாதிரி எறும்புகள். வெல்லத் துகளை மோந்துகொண்டு வந்தவை, நசுங்கிக் கருகி, முனைகளை ஒட்டவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தன.

பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். முனையை மெல்லிய அரத்தால் ஒரு தடவை தடவினதும் மீட்டர் முள் எழுந்து நின்றது. பாய் பெட்டிக்குள் குனிந்து வெகு நேரம் பார்த்தார். "பாவம்மா, என் கடையிலதான் பொறந்து வளர்ந்ததுங்க, என் வண்டியிலயே மௌத்தாயிடுச்சுங்க."

மாடு கட்டி வந்த மோட்டார்

பர்கூர்ப் பக்கத்து நிலக்காரர் ஒருவரிடம் மாணிக்கம் என்று ஒரு டிரைவர். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்கிறவர். அவர் ஓட்டிய கார் காலையில் பூனை மாதிரி கிளம்பும், சூடேறினதும் நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்பும். எங்கள் கடைக்கு எதிரே வந்து நின்ற நாளில் என் வீட்டுக்காரர் பேட்டரி வாங்கச் சேலம் போயிருந்தார். நான் கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற டெஸ்ட் லைட்டை எடுத்துக்கொண்டு போனதும் மாணிக்கம் பானெட்டை மூடிவிட்டார். "இல்லம்மா, ஆம்பளைங்க வரட்டும்."  வண்டிக்காரர் நஞ்சப்பனிடம் ஒரு ஜோடி மாடு பிடித்து, கயிறு கட்டி, டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனார். ரோடு முழுக்க வேடிக்கை.

டவுனில் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். மறுநாள் வெயில் ஏறினதும் வண்டி மறுபடி நின்று, அதே மாடுகளோடு எங்கள் கொட்டகைக்கே வந்தது. வீட்டுக்காரர் வந்துவிட்டிருந்தார். ஆனாலும் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கை காட்டினார். வழியில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று மாணிக்கத்தைக் கேட்டேன். பம்ப் மேல் ஈரத்துணி போட்டு, பீடி ஒன்று குடித்து முடித்தால் கிளம்பிவிடும் என்றார். "துணியினால கிளம்பிச்சா, பீடி குடிச்ச நேரத்தினால கிளம்பிச்சா?" என்று கேட்டேன். 

இன்ஜினைச் சூடேற விட்டோம். நின்றது. பீடி பற்றவைக்க விடாமல், பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டு, இன்ஜினைக் கிளப்புகிற ஹாண்டிலைச் சுற்றச் சொன்னேன். உயிர் வரவில்லை. அதே துணியை எடுத்துக் காயில் மேல் சுற்றினேன். பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கிற உருளை அது. அது ஆறின உடனே, பீடிக்கு நேரம் கொடுக்காமல், ஹாண்டிலைச் சுற்றச் சொன்னேன். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. காயிலுக்குள்தான் கோளாறு, சூடானால் பொறி நின்றுபோகிறது. எங்களிடமிருந்த நல்ல காயிலை மாற்றிப் போட்டேன். மாணிக்கம் பர்கூர் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, சட்டைக் கையை இறக்கிவிட்டபடி, தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவு நேரமும் புளிய மர நிழலில் மாடுகளோடு காத்திருந்த நஞ்சப்பன்தான் வாயைத் திறந்தார்: "ஏம்ப்பா டிரைவரு, நாளைக்கும் மாடு வேணுமா, இல்ல அந்தம்மா பாத்துக்குவாங்களா?"

ஒரே ஒரு திருப்பம்

டவுனில் பெரிய மளிகைக்காரர். பெயர் வேண்டாம், பேரன் பேத்தி எடுத்துவிட்டார். வியர்த்து வழிந்துகொண்டு வந்தார். "வலது பக்கம் திருப்பினா ஹாரன் தானா அடிக்குதும்மா. இன்னிக்கே சரி பண்ணியாகணும்." எல்லாத் திருப்பத்திலுமா என்று கேட்டேன். இல்லையாம், ஒரே ஒரு சந்தில் திரும்புகிறபோதுதானாம். எந்தச் சந்து என்று கேட்டேன். அது எதுக்கு என்றார். திருப்பம் எவ்வளவு குறுகல் என்று பார்க்க வேண்டும், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். மனிதர் முகம் போன போக்கைப் பார்த்து என் வீட்டுக்காரர் பின்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம்தான் எனக்கும் விளங்கியது.

சந்தைப் பார்க்காமலே சரி செய்தோம். ஸ்டியரிங் தண்டுக்குள் இறங்குகிற ஹாரன் வயர் ஓரிடத்தில் தேய்ந்திருந்தது. முழுக்க வலது பக்கம் முறுக்கினால் மட்டும் செம்பு இரும்பில் பட்டு ஹாரன் அலறும். அவர் போகிற இடமோ அந்த அளவுக்கு முறுக்கினால்தான் நுழையக்கூடிய சந்து. சாயங்காலத்தில் அந்த அலறல் கேட்டதும் தெருவே எழுந்து வாசலுக்கு வருமாம். வயரை மாற்றி, ரப்பர்க் குழாய் போட்டு இறக்கினேன். எப்படி முறுக்கினாலும் ஊமை. அவர் வாயெல்லாம் பல்லாகப் போனார்.

அந்த வாரமே ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. அதிலிருந்து அவருடைய மனைவி இறங்கினார். நல்ல கம்பீரமான அம்மாள். எனக்கு ஒரு பந்து மல்லிகைப்பூ கொடுத்தார், காப்பி வேண்டாம் என்றார். என் வீட்டுக்காரர் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "ரிப்பேர் நல்லா பண்ணியிருக்கீங்க, பழையபடியே கத்தற மாதிரி ஆக்கித் தர முடியுமா?"

எருது விட்ட நாள்

பொங்கலுக்கு மறுநாள், பகல் வேளை. எங்கள் பக்கம் எருது விடுகிற சமயம். சேலம் ரோட்டிலிருந்து அன்வர் பாயின் டாக்ஸி வந்தது, மேலே துணி போட்ட பழைய வண்டி. எங்கள் கடைக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் முன் பலகையிலிருந்து புகை கிளம்பி நின்றுவிட்டது. அன்வர் பாயும் கூட வந்த ஆட்களும் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். பின் ஸீட்டில் முருகேசன் என்று ஒரு வாலிபன், தொடையில் மாடு குத்தியிருந்தது. அவனுடைய அக்கா இரண்டு கையாலும் துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். துணியும் சிவப்பு, அவள் கையும் சிவப்பு. ஆஸ்பத்திரி இன்னும் இரண்டு மைல். ரோட்டில் வேறு வண்டி எதுவும் இல்லை.

முன் பலகைக்குப் பின்னால் சாவி சுவிட்சும் வயர்க் கட்டும் ஒன்றாக உருகியிருந்தன. அதைப் பிரித்துப் பார்க்க நேரம் ஏது? "எல்லாத்தையும் விடுங்க, பேட்டரியிலருந்து நேரா காயிலுக்கு ஒரு வயர் போடுங்க" என்றேன். நான் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் காயில் முனையில் வயரை முடுக்கிக்கொண்டிருந்தார். பேட்டரி முன் ஸீட்டுக்கு எதிரே, கால் வைக்கிற பலகைக்கு அடியில். பலகையைப் பிடுங்கினேன். வயரை முடுக்க வேண்டிய போல்ட் பச்சை பூத்து, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேறு போல்ட் தேடப் போகவில்லை. அந்தக் குழியில் குந்தி உட்கார்ந்து, வயர் முனையைப் பேட்டரித் தலையில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்தேன். "சுத்துங்க!" அவர் ஹாண்டிலைச் சுற்றினார். இன்ஜின் பிடித்தது. அவர் ஓடி வந்து ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டார். கிளம்பிவிட்டோம்.

ரோடு குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் வயர் நழுவும், இன்ஜின் தும்மும், நான் மறுபடி அழுத்துவேன். கை கொஞ்சம் தளர்ந்தாலும் அங்கே பொறி பறக்கும். வயர் முனை சுட ஆரம்பித்தது. புடவைத் தலைப்பை மடித்துப் பிடித்தேன், அது கருகினது. பின்னாலிருந்து முருகேசன், முகமெல்லாம் வெளுத்துப்போயிருந்தும், "அக்கா, ஒயரை விட்டுடாதீங்க" என்றான். "நீ பேசாதடா" என்று அவன் அக்கா அதட்டினாள். அப்புறம் அவளே, "விட்டுடாதீங்கக்கா" என்றாள். விடவில்லை. ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைந்து அன்வர் பாய் பிரேக் போட்ட பிறகுதான் விட்டேன். விரல்கள் விரிய மறுத்தன. முருகேசன் பிழைத்தான், இப்போதும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பான், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்த கம்பவுண்டர், பின் ஸீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், குழியிலிருந்து எழுந்த என்னைத்தான் பார்த்தார். தலைவிரி கோலம், முகத்தில் கரி, தலைப்பு எரிந்த புடவை, கொப்புளித்த கை. அப்படியே நின்றுவிட்டுக் கேட்டார்: "இதுல யாரைம்மா மாடு குத்தினது?"

ராயக்கோட்டை ஷெட்

நாங்கள் இருவரும் இவ்வளவு சண்டை போட்ட வண்டி வேறில்லை. ராயக்கோட்டையில் அண்ணன் தம்பி கூட்டுக் குடும்பம், தக்காளி வியாபாரம். காரின் பேட்டரி ராத்திரியில் காலியாகிவிடும், காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எங்காவது கரண்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தோம். முள் அசையவே இல்லை. கட்-அவுட் ஒட்டிக்கொள்கிறது என்று அவர் சொன்னார். பேட்டரியே பழசு என்று நான் சொன்னேன். அவர் கட்-அவுட்டை மாற்றினார், நான் பேட்டரியை மாற்றினேன். எங்கள் கொட்டகையில் வண்டி நின்ற ராத்திரிகளில் ஒன்றும் ஆகவில்லை. ராயக்கோட்டைக்குப் போனால் பழைய கதை. எங்களுக்குள் பேச்சு வார்த்தை குறைந்துபோனது.

கோளாறு வண்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. பஸ் ஏறிப் போனேன். ஆண்கள் சந்தைக்குப் போயிருந்தார்கள். ஷெட்டில் காரின் பின் ஸீட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடலைத் தோலும், காய்ந்த கனகாம்பரமும், வெற்றிலைக் காம்பும். வாசலில் நின்ற இரண்டு மருமகள்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பெரியவள்தான் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிற வீடு, மாமியார் கூடத்திலேயே படுத்திருப்பார், இரண்டு வார்த்தை சிரித்துப் பேச இடமில்லை. சாப்பாட்டுக் கடை முடிந்ததும் இரண்டு பேரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். உள்ளே கூரையில் இருக்கிற சின்ன விளக்கைப் போட்டுக்கொள்வார்களாம். சில நாள் அணைக்க மறந்து தூங்கப் போய்விடுவார்களாம்.

"வீட்டுல சொல்லிடுவீங்களா?" என்று சின்னவள் கேட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது. எனக்கு நாத்தனார் ஓரகத்தி என்று யாரும் கிடையாது, இருந்தால் நானும் இப்படித்தான் ஒரு இடம் தேடியிருப்பேன். ஷெட்டில் ஒரு கசிவு இருந்தது, எடுத்துவிட்டேன் என்று ஆண்களிடம் சொல்வேன், அதற்கு மேல் சொல்லமாட்டேன் என்றேன். அப்படியே சொன்னேன், இந்த வருஷம் வரைக்கும் என் வீட்டுக்காரருக்குக்கூட முழுக் கதை தெரியாது. பேட்டரிக்கு என்ன வழி என்று யோசித்து நான் நின்றபோது, பெரியவளே வழி சொன்னாள்: "அந்த பல்பைப் புடுங்கிட்டுப் போங்கக்கா, நாங்க இருட்டுலயே பேசிக்கறோம்."

பெங்களூர்க்காரர்

லாரன்ஸ் என்று ஒரு பெரியவர், பெங்களூரில் பெரிய ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக். ஒரு கஸ்டமருடைய காரை மெட்ராஸுக்கு ஓட்டிப் போகிற வழியில், ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்துபோய், இருந்த ஃபியூஸெல்லாம் தீர்ந்து எங்களிடம் வந்தார். ஓடும்போது மட்டும் எரியும், நின்றால் எரியாது. இப்படிப்பட்ட கோளாறுதான் இந்தத் தொழிலில் மகா கெட்டது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். நல்ல மனிதர், நல்ல கை.

ஃபியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு பல்பைக் கட்டினேன். எங்கே வயர் இரும்பில் படுகிறதோ அந்த நிமிஷம் பல்பு பளிச்சென்று எரியும், ஃபியூஸும் வீணாகாது. நான் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார, அவர்கள் இருவரும் வண்டியின் ஒவ்வொரு வயரையும் ஆட்டிக்கொண்டே வந்தார்கள். முன்பக்கம் முடிந்தது, பக்கவாட்டு முடிந்தது. மத்தியானமும் போனது. லாரன்ஸுக்குப் பொறுமை போய், கையைக் கழுவ எழுந்து, போகிற போக்கில் பின் கதவைப் படாரென்று சாத்தினார். பல்பு எரிந்து அணைந்தது. "அதே கதவு! திறந்து சாத்துங்க!" என்று கத்தினேன். கதவுத் தூணுக்குள் ஓடிய வயரை ஒரு ஸ்குரூவின் முனை கடித்துக்கொண்டிருந்தது. கதவு அதிர்ந்தால் படும், இல்லாவிட்டால் படாது.

போகும்போது அவர் என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்து, பெங்களூருக்கு வந்துவிடு, நல்ல வேலை, குவார்ட்டர்ஸ் இருக்கிறது என்றார். எனக்குக் காதில் விழுந்தது.  என் வீட்டுக்காரர் அந்த வேலைக்குப் போனால் நான் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கொட்டகையில் இருக்கிற டெஸ்ட் லைட்டை யார் எடுப்பார்கள்? என் வீட்டுக்காரர் நிதானமாகப் பீடியை அணைத்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கடைக்கு வந்த எந்த வாடிக்கையாளரிடமும் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "எனக்கு ஸ்பானர் புடிக்கத்தான் சார் தெரியும், எங்க புடிக்கணும்னு சொல்றவங்க இவங்க, இவங்களுக்கு உங்க ஒர்க்‌ஷாப்புல ஸ்டூல் போடுவீங்கன்னா ரெண்டு பேருமா வர்றோம்."

மூன்று ரோட்டிலும் நின்றுபோன கார்களையெல்லாம் ஓடவைத்த நாங்கள் இருவரும் கடைசி வரைக்கும் சொந்தமாக ஒரு கார் வாங்காததற்குக் காரணம், கார்களைப் பற்றி எங்களுக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதுதான்.